ஆய்வேடும் சொற்களவும்

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தை ஒத்திருக்கும் பகுதி 10 சதவீதம் வரை இருப்பின் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைக் கடந்தால் மாணவரின் பதிவே ரத்தாகும். விதி நன்றே. ஆயினும் கணிப்பொறி சொல்லைச் சொல்லோடு ஒப்பிட்டே சதவீதம் காண்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழிலோ இந்தியிலோ பெயர்த்துத் தம் பெயரிட்டுக்கொள்பவர் அதன் கண்ணில் எளிதில் படுவதில்லை. செய்முறையை வழக்கமான தொடர்களில் விவரித்த நேர்மையாளரோ சில வேளை அகப்பட்டுக்கொள்கிறார். மொழிபெயர்க்கும் உரிமையும் பதிப்புரிமை உடையவருக்கே உரியது என்பது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். இணையத்தில் உள்ளதெல்லாம் புறம்போக்கு என்று எண்ணுவோர் இதனைக் கருதுவதில்லை. சதவீதத்தைக் கண்டவுடன் கையொப்பமிடும் வழிகாட்டிப் பேராசிரியர், அதற்கு முன் ஏட்டை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்தல் வேண்டும்.