இரண்டு டப்பா சாப்பாடு



அரக்கோணத்தில் லேத் பட்டறை நடத்தும் நம் வாசகர் ஒருவர் 2019 கடைசியில் எனக்கு எழுதிய கடிதம் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. லாரி உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்பவர். 2018 தொடக்கத்தில் ஆர்டர் குவிந்தது. கடன் வாங்கி இரண்டாவது சி.என்.சி. மெஷினை இறக்கினார். ஒன்றரை வருடத்தில் அந்த மெஷினுக்குத் துணி போர்த்த வேண்டியதாகிவிட்டது. இ.எம்.ஐ. மட்டும் மாதம் தவறாமல் வந்து நின்றது. வீட்டு நகை பேங்குக்குப் போனது.

“வளர்ச்சி ஏழு சதவீதத்துக்கு மேல் என்று பேப்பரில் போட்டார்களே சார், அதை நம்பித்தானே இறங்கினேன்?” என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. அவர் கடிதம் எழுதிய வருடக் கணக்கை எடுத்துப் பார்ப்போமா? 2019-20க்கான வளர்ச்சி 7.2 சதவீதம் இருக்கும் என்று 2019 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கணித்தது. ஜூனில் அது 7 ஆனது. ஆகஸ்டில் 6.9. அக்டோபரில் 6.1. டிசம்பரில் 5. அத்தனை நிபுணர்கள் இருக்கும் இடத்திலேயே எட்டு மாதத்தில் கணிப்பு இவ்வளவு இறங்கியது. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கையில் இருக்கும் தகவலை வைத்துத்தான் யாரும் கணிக்க முடியும். ஆனால் 7.2ஐ மட்டும் படித்தவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஒவ்வொரு எண்ணையும் தேதி போட்டு வரிசையாக எழுதி வைத்தவர் ஜூனிலேயே யோசித்திருப்பார், ஆகஸ்டில் புது ஆர்டருக்குச் சரக்கு வாங்கத் தயங்கியிருப்பார். கணிப்பில் நான் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத்தான்.

சரி, நாட்டின் வளர்ச்சி குறைந்தாலும் நின்றுவிடவில்லையே, பட்டறையில் வேலை ஏன் அடியோடு நின்றது? இதை வீட்டு அரிசியை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் மாதம் 10 கிலோ செலவு, டிரம்மில் எப்போதும் 10 கிலோ இருப்பு என்று வையுங்கள். பெண் ஹாஸ்டலுக்குப் போகிறாள், செலவு 9 கிலோவாகிறது. இருப்பும் 9 போதும். ஆக, இந்த மாதம் கடையில் 8 கிலோதான் வாங்குவீர்கள். சாப்பாடு குறைந்தது பத்தில் ஒரு பங்கு, கடைக்காரருக்கு விற்பனை குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. எல்லா வீட்டிலும் இப்படி என்றால் கடைக்காரரும் தன் இருப்பை 10லிருந்து 8 ஆக்குவார். மண்டியில் அவர் எடுப்பது 6 கிலோ. மண்டிக்காரருக்கு அடி 40 சதவீதம்!

நம் பட்டறைக்காரர் மண்டிக்கும் பின்னால் நின்றவர். 2018 ஜூலையில் லாரிகள் ஏற்றலாம் என்ற எடை வரம்பை மத்திய அரசு சுமார் 20 முதல் 25 சதவீதம் உயர்த்தியது. இருக்கும் லாரியே கூடுதலாக ஏற்றும்போது புது லாரி எதற்கு? அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்ப முடியாமல் திணறியது, வாகனக் கடன் தரும் நிதி நிறுவனங்களின் கை இறுகியது. 2019 ஆகஸ்டில் கார் முதலான பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆகஸ்டைவிட 31 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அடுத்த மாதம் அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலையில் 16 நாள் வேலை இல்லை என்று அறிவித்தது. எண்ணூரில் 16 நாள் என்றால், அதற்குப் பாகம் செய்யும் கடைசிப் பட்டறையில் எத்தனை நாள்?

இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருந்ததா? இருந்தது, அவர் வீட்டு வாசலிலேயே. பக்கத்து வீட்டுத் தம்பி தினமும் விடிகாலை மின்சார ரயிலில் அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறவர். ஓ.டி. இருந்த நாளெல்லாம் இரண்டு டப்பா சாப்பாடு. 2019 கோடையில் அது ஒரு டப்பாவானது. பட்டறைக்காரரின் மனைவி அப்போதே சொன்னாராம், இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பெனிகள் ஆள் குறைப்பதற்கு முன் ஓ.டி.யைத்தான் குறைக்கும். அது பேப்பரில் வராது, சமையலறையில் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. அரக்கோணத்துக்காரர்கள் இச்சிபுத்தூர் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையைத் தாண்டாமல் இருக்க முடியாது. டயர் தொழிலுக்கு இரண்டு வாசல். புது வண்டி விற்கவில்லை என்றாலும் ஓடுகிற வண்டிக்கு டயர் தேயும், மாற்றித்தான் ஆக வேண்டும். நம் நண்பரும் அதேபோல் இப்போது பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்களுக்கும் பாகம் செய்து கொடுக்கிறார். லாபம் குறைவு, ஆனால் மெஷின் நிற்பதில்லை. பயந்துபோய் அந்த மெஷினை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாமல் இருந்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அரிசிக் கணக்கு ஏறும்போதும் அப்படித்தான் வேலை செய்யும். லாரி விற்பனை மீண்டபோது அவருக்கு மெஷின் கையில் இருந்தது.

போன வாரம் போனில் அழைத்தார். ஆர்டர் நிறைய வருகிறதாம், மூன்றாவது மெஷின் வாங்கலாமா என்றார். கையிருப்பில் எத்தனை மாத இ.எம்.ஐ. இருக்கிறது என்று கேட்டேன். ஆறு மாதத்துக்கு என்றார். பில் போட்டால் பணம் எத்தனை நாளில் வருகிறது? முன்பு 45 நாள், இப்போது 60 என்று இழுத்தார்.

பக்கத்து வீட்டில் எத்தனை டப்பா?

“வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் சார்” என்று போனை வைத்தார்.

அன்புடன்,
ஆசிரியர்