முற்றத்துப் புல்லும் காவல் நாயும்



மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் பல இல்லங்களில் ஒரே முறையீடு எழுகின்றது. வீட்டின் முன் ஆசையோடு வளர்த்த புல்தரை சேறாகிக் கிடக்கின்றது. எஞ்சிய புல்லையும் வீட்டு நாய் ஓடி ஓடி மிதித்தும் பறித்தும் அழித்துவிட்டது. இந்நிலையில் இல்லத்தார் இரண்டு முடிவுகளுள் ஒன்றை நாடுகின்றனர்: ஒன்று, முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளமிடுவது, மற்றது, நாயைச் சங்கிலியில் கட்டிப்போடுவது, அல்லது எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுவது. இவ்விரண்டும் தேவையற்றவை என்பதையும், இரண்டினாலும் பிறர்க்குத் தீங்கு விளையும் என்பதையும் இத்திங்கள் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதற்கண் நோயின் முதலை நாடுவோம். பாகூர் புதுவையின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டினின்று பங்காரு வாய்க்கால் வழியே வரும் நீரைப் பாகூர் ஏரி தேக்குகின்றது. அந்நீரை வயலில் நிற்கச் செய்வது அங்குள்ள களிமண். உழவர் நடவுக்கு முன் வயலில் நீரைக் கட்டிச் சேற்றுழவு செய்வதன் காரணம் யாது? மண்ணின் நுண்துளைகள் கலங்கி அடைபட்டு, நீர் கீழே இறங்காது தங்கவேண்டும் என்பதே. உழவர் வயலில் அறிந்து செய்யும் அதே வேலையை, ஈரமான முற்றத்தில் நம் நாய் அறியாமற் செய்கின்றது. நனைந்த களிமண்ணில் நாள்தோறும் நூறுமுறை ஓடும் அதன் கால்கள் மண்ணை இறுக்கித் துளைகளை மூடிவிடுகின்றன. நீர் நிற்கின்றது, வேருக்குக் காற்று கிட்டவில்லை, புல் அழுகுகின்றது. ஆகவே நாய் செய்வது பாதிக் குற்றமே. மீதிப் பாதி, நீருக்கு வழி வகுக்காத நம்முடையது.

நீரின் அளவையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரையேறியபோது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டியது. 500 சதுர அடிக் கூரையின்மேல் மட்டும் 21,000 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் விழுந்தது எனக் கணக்கிடலாம். அதனையடுத்துச் சாத்தனூர் அணையினின்று திறக்கப்பட்ட வெள்ளம் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பகுதிக் கரையோர ஊர்களிற் புகுந்ததை நாம் மறக்கவியலாது. அத்தகைய பெருவெள்ளத்தை எந்த முற்றமும் தாங்காது. எனினும் ஆண்டுதோறும் பெய்யும் வழக்கமான மழைக்கு முற்றத்தைப் பழக்குவது நம்மால் இயலும்.

முதல் வேலை சோதனை. மழை விட்டபின் ஓரடி நீள அகல ஆழத்திற் குழியொன்று தோண்டுக. அதனை நீரால் நிரப்பி ஒருமுறை வடியவிட்டு, மீண்டும் நிரப்புக. ஒரு மணி நேரத்தில் ஓரங்குலம்கூட இறங்கவில்லையாயின் வடிகால் போதாது என்று கொள்க. அடுத்து, கூரை நீர் எங்கு விழுகின்றது என்று பார்க்க. பல வீடுகளில் புல்தரையைக் கெடுப்பது அதன்மேற் பெய்யும் மழையன்று; தாழ்வாரத்தினின்று அதன்மேற் கொட்டும் நீரே. அதனைக் குழாய் வழியே தொட்டிக்கோ வாய்க்காலுக்கோ திருப்பிவிட்டாலே சில முற்றங்கள் செலவின்றிச் சீராகிவிடும்.

இரண்டாவது, சரிவு. வீட்டுச் சுவரினின்று வெளிநோக்கி 100 அடிக்கு 1 முதல் 2 அடி வரை தாழ்வு இருத்தல் வேண்டும். 30 அடி முற்றமாயின் 4 முதல் 7 அங்குலம் போதும். பள்ளங்களை நல்ல மேல்மண்ணிட்டு நிரவுக. இதற்குமேலும் நீர் தேங்கினால், தாழ்ந்த பக்கத்தில் ஓரடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள கால்வாய் வெட்டித் துளையிட்ட பி.வி.சி. குழாயைப் பதித்துக் கருங்கல் ஜல்லியால் மூடுக. கால்வாயின் முடிவு அதன் தொடக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கவேண்டும் என்பதை மறவற்க. வெளியேற வாயில் இல்லாத வடிகால் வெறும் நிலத்தடித் தொட்டியேயாகும்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. சாலைகளை மேன்மேலும் உயர்த்தியதால், நம் பழைய வீடுகள் பல இன்று தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. அத்தகையோர் நீரை வெளியே தள்ள முயல்வது வீண். முற்றத்தின் மூலையொன்றைத் தாழ்த்தி, கல்வாழை, சேம்பு, வாழை முதலிய நீர் விரும்பிகளை அங்கு நட்டு, எஞ்சிய தரையை அரையடி உயர்த்திக்கொள்வதே வழி. அம்மூலையில் நீர் நாட்கணக்கில் தேங்கிக் கொசு பெருகாமல் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவது, மண். ஈரக் களிமண்ணைத் தொடவே கூடாது. கையில் உருட்டிய உருண்டை அழுத்தினால் உதிரும் பதம் வரும்வரை பொறுத்திருங்கள். பின்னர்க் கடப்பாரையால் சாணுக்கொரு துளையாக அரையடி ஆழம் குத்தி, மக்கிய தொழுவுரத்தைத் தூவி உள்ளே தள்ளுக. களியை இளக்கச் சிறிதளவு மணல் சேர்ப்போர் உளர். அது செங்கற் சூளைக்கு மண் பிசைவது போல் கடினமாகவே முடியும். மண்ணை உயிருள்ளதாக்குவது மக்கிய உரமே.

நான்காவது, புல். நம் நிலத்துக்கு ஏற்றது அருகே. அருகுபோல் வேரோடுக என்று மணமக்களை வாழ்த்துவது வெற்றுச் சொல்லன்று. மிதிபட்டாலும் தண்டின் கணுவினின்று மீண்டும் துளிர்க்கும் இயல்பு அதற்கு உண்டு. ஆனால் அதற்கு வெயில் வேண்டும். மாமரத்து நிழலில் அது வளராது. மாசி மாதத்தில் வேருடன் கூடிய துண்டுகளை அரையடிக்கும் குறைவான இடைவெளியில் ஊன்றலாம். அல்லது புல்லை இரண்டங்குலத் துண்டுகளாக நறுக்கி, பசுஞ்சாணமும் தோட்டமண்ணும் கரைத்த கூழிற் கலந்து தரையில் மெழுகி, மேலே வைக்கோல் பரப்பி நாள்தோறும் நீர் தெளிக்கலாம். ஆறு முதல் எட்டு வாரம் வரை அவ்விடத்தில் யாரும் கால் வைக்கலாகாது. நாயும் கூடாது, பிள்ளைகளும் கூடாது. கோடை விடுமுறை தொடங்குமுன் தரை தயாராகிவிடும்.

இனி நாயின் செய்தி. அது தரையைத் தோண்டுவது பெரும்பாலும் வெக்கையாலும் வேலையின்மையாலுமே. வேப்பமர நிழலில் ஆறடி அளவில் மணற்குழி ஒன்று அமைத்துக் கொடுங்கள். தோண்டவும் குளிர்ச்சியாய்ப் படுக்கவும் அதுவே போதும். மதிலோரம் ஓடிக் காவல் புரிவது அதன் பிறவிக் குணம். அங்கே புல்லை வளர்க்க முயலாமல், இரண்டு மூன்றடி அகலத்திற்குச் செங்கற்பொடியோ மணலோ பரப்பி அதற்கெனப் பாதை விட்டுவிடுங்கள். காலையும் மாலையும் அரைமணி வெளியே நடத்திச் செல்லுங்கள். பிள்ளைகளுக்கும் அது நற்பழக்கமாகும். சிறுநீரால் புல் கருகுவதற்குக் காரணம் அதிலுள்ள தழைச்சத்தும் உப்பும் ஓரிடத்தில் மிகுவதே. உடனே அவ்விடத்தில் வாளி நீர் ஊற்றினால் புல் பிழைக்கும்.

சேற்று முற்றத்தை அழகுக் குறையாக மட்டும் கருதிவிடவேண்டா. எலி, நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் கிருமி, தேங்கிய நீரிலும் ஈரமண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடிருந்து, காலிலுள்ள சிறு புண் வழியே உடலுட் புகும். கொக்கிப்புழுவும் ஈரமண்ணில் செழிப்பதே. வெறுங்காலோடு விளையாடும் நம் குழந்தைகளே இவற்றுக்கு முதலில் இரையாவர். நீரில் நடந்தபின் கடுங்காய்ச்சலும் தசைவலியும் கண்டால் உடனே மருத்துவரிடம் சென்று, நீரில் நடந்த செய்தியையும் கூறுங்கள். நாய்க்கு வெறிநோய், எலிக்காய்ச்சல் தடுப்பூசிகளைக் கால்நடை மருத்துவரிடம் காலந்தவறாது போட்டுவிடுங்கள்.

சிமெண்டுத் தளம் இதற்கு மாற்றாகாதோ எனச் சிலர் வினவுவர். தளமிட்ட முற்றத்தின் நீர் எங்கே போகும்? அடுத்த வீட்டுக்கன்றோ! பெரும்பாலும் அது நம்மினும் எளியவரின் தாழ்ந்த குடிசையாகவே இருக்கும். நமது வாசலை உலர்த்திக்கொள்ளப் பிறர் வாசலை நனைப்பது அறமாகாது.

நாயைக் கட்டிப்போடுவதும் அவ்வாறே. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராதிருப்பதும், வளர்த்த விலங்கைக் கைவிடுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்களாம். சட்டம் ஒருபுறமிருக்க, நேற்றுவரை நம் கையில் உண்ட உயிர், இன்று சாலையோரம் நின்று போகும் வண்டிகளையெல்லாம் நம் வண்டியோ என்று பார்த்திருக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகள் அதனைக் கண்டு கற்கும் பாடம், தொல்லை தருவோரைத் தள்ளிவிடலாம் என்பதே. அப்பாடத்தை அவர்கள் நாயோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பதற்கு உறுதி ஏது?

நீர் தாழ்வை நாடும். நாய் ஓட்டத்தை நாடும். இரண்டின் இயல்பையும் அறிந்து வழிவிட்டால் புல்லும் தழைக்கும், வீடும் நலம்பெறும். வருகின்ற ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் முற்றத்தில் நீர் எங்கே நிற்கின்றது என்று குச்சி நட்டு அடையாளமிடுங்கள். பொங்கல் கழிந்ததும் பிள்ளைகளையும் உடன் சேர்த்துக்கொண்டு மண்வெட்டியைக் கையிலெடுங்கள்.