நெட் வந்த பிறகு மிச்சமிருக்கும் வேலை

2016 நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் லட்சக்கணக்கான வீடுகளில் இணையம் படுத்துவிட்டது. டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் சுமார் 2 கோடி தரைவழி வாடிக்கையாளர்களில் ஏறக்குறைய 9 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். தொலைபேசியும் தொலைக்காட்சியும் அதே பெட்டி வழியாகவே வந்ததால் பல வீடுகளில் அவையும் நின்றன. ரவுட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி சொருகுங்கள் என்று நிறுவனம் சொன்னது.

கேபிள் எதுவும் அறுந்திருக்கவில்லை. இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளர் வீட்டு ரவுட்டரைத் தொலைவிலிருந்தே பராமரிக்க 7547 என்ற போர்ட்டைப் பயன்படுத்துகின்றன. மிராய் என்ற நச்சுநிரலின் புதிய வடிவம் ஒன்று உலகம் முழுக்க அந்த வாசலைத் தட்டிக்கொண்டு வந்தது. டாய்ச்ச டெலிகாமின் ரவுட்டர்களுக்குள் அதனால் புக முடியவில்லை. ஆனால் ஓயாமல் வந்து மோதிய கோரிக்கைகளைத் தாங்காமல் அவை செயலிழந்தன. அதை ஏவிய 29 வயது பிரிட்டிஷ் இளைஞர் 2017 பிப்ரவரியில் லண்டன் லூட்டன் விமான நிலையத்தில் பிடிபட்டார். விசாரணையில் தெரிந்தது, அவருக்கு ஜெர்மனி மீது எந்தப் பகையும் இல்லை என்பது. லைபீரியாவில் ஒரு தொலைபேசி நிறுவனத்தை முடக்க அவர் கூலி வாங்கியிருந்தார். அதற்காக உலகெங்கும் கருவிகளைப் படை திரட்டியபோது நடுவில் அகப்பட்டவைதான் அந்த ஜெர்மன் வீடுகள்.

"எங்க வீட்டில திருட என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு இந்தச் சம்பவத்தைத்தான் சொல்ல வேண்டும். தாக்குபவர்கள் வீடு பார்த்து வருவதில்லை. இணைய முகவரிக்கான பழைய முறையான ஐபிவி4இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, வேகமான இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து அத்தனை முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட்டது. அந்தத் தேடலுக்குப் பணக்காரர், ஏழை, பெருநகரம், சிற்றூர் என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. திறந்திருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரிய வேண்டும்.

மூல மிராயின் தந்திரமும் எளிமையானது. அதன் நிரலுக்குள் 62 பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது. 'அட்மின்', 'ரூட்', '12345' என்று தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பப்படும் சொற்கள். அந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் அது வளைத்துப் போட்டது. 2016 அக்டோபர் 21 அன்று இணையதளங்களின் முகவரியைத் தேடித் தரும் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தின் மீது அந்தக் கருவிகளெல்லாம் ஒருசேரப் பாய்ந்தபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பெரிய தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. இந்தியாவுக்கும் இது தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. 2017 ஜூலையில் கடவுச்சொல் மாற்றப்படாத பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களை ஒரு நச்சுநிரல் தாக்கியது. 'அட்மின்' என்ற கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வரும் நாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. கேபிள்காரர் கம்பத்திலிருந்து மெல்லிய வயரை இழுத்து வந்து வெள்ளைப் பெட்டியில் சொருகுகிறார். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு நிலைத்ததும் 192.168.1.1 என்ற முகவரியில் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கிறார். இணைப்புக்காக நிறுவனம் தந்த பிபிபிஓஇ பயனர்பெயர், அதன் கடவுச்சொல், வீலான் எண் ஆகியவற்றைப் போடுகிறார். யூடியூபில் ஒரு பாட்டு ஓடிவிட்டால் வேலை முடிந்தது. "வைஃபை பாஸ்வேர்டு உங்க போன் நம்பரே வெச்சுட்டேன்மா, மறக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. இணைப்புக் கொடுப்பதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. அதற்குப் பின்னால் செய்ய வேண்டியதை வீட்டுக்காரருக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் குறை.

அந்த போன் நம்பர் கடவுச்சொல் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம், ஏனென்றால் அது நம் ஊரில் அவ்வளவு பரவலாக இருக்கிறது. இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய எண்களில் ஒன்றில் தொடங்குபவை. மொத்த வாய்ப்புகள் 400 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒருவர் தெருவில் நின்று, ரவுட்டரும் போனும் கைகுலுக்கும்போது காற்றில் போகும் தகவலைப் பிடித்துக்கொண்டால், மீதி வேலையைத் தன் வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். விளையாட்டுக்கென்று விற்கப்படும் உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் கடவுச்சொற்களைச் சோதிக்கும். கணக்குப் போட்டால், நாட்டில் இருக்கக்கூடிய எல்லாக் கைபேசி எண்களையும் சோதிக்க ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது.

இதை ஒருவர் செய்தே காட்டியிருக்கிறார். சைபர்ஆர்க் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் 2021இல் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரத் தெருக்களில் சுற்றி 5,000 வைஃபை இணைப்புகளின் தகவலைத் திரட்டினார். அவற்றில் 3,500க்கும் மேற்பட்டவற்றின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கேயும் ஆயிரக்கணக்கானவர்கள் வைத்திருந்தது சொந்தக் கைபேசி எண்ணைத்தான். அதற்குப் பதிலாக, தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடுத்தடுத்து எழுதி நடுவில் ஒரு எண்ணைச் செருகினாலே கிராபிக்ஸ் கார்டு திணறிவிடும். வீட்டில் பாட்டிக்கும் மறக்காது.

அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும். பலர் இரண்டாவதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இனி ஃபயர்வால், அதாவது ரவுட்டர் செய்யும் காவல் வேலை. ஒரு வீட்டுக்கு வெளியுலகில் பெரும்பாலும் ஒரே ஐபிவி4 முகவரிதான். உள்ளே பத்துக் கருவிகள் இருக்கலாம். அவற்றுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை ரவுட்டர் கொடுக்கிறது. உள்ளிருந்து ஒரு போன் ஒரு தளத்தைக் கேட்கும்போது, யார் கேட்டது, எங்கே கேட்டது என்று ரவுட்டர் குறித்துக்கொள்கிறது. பதில் வந்தால் குறிப்போடு ஒப்பிட்டு உரிய கருவிக்கு அனுப்புகிறது. யாரும் கேட்காமல் வரும் எதையும் வாசலிலேயே கைவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கும் காவலாளி, உள்ளேயிருந்து தகவல் வராத விருந்தாளியைத் திருப்பி அனுப்புவது போன்ற வேலை. சாதாரண வீட்டுக்கு இந்த அடிப்படை விதியே பெரும் பாதுகாப்பு. பெரும்பாலான ரவுட்டர்களில் இது ஏற்கெனவே இயங்கிக்கொண்டும் இருக்கிறது. சில பெட்டிகளில் ஃபயர்வாலுக்கு 'லோ', 'மீடியம்', 'ஹை' என்று நிலைகள் இருக்கும். 'ஹை' வைத்தால் வீடியோ அழைப்பும் விளையாட்டும் முடங்கக்கூடும், 'மீடியம்' போதும். அணைத்து வைப்பதற்குத்தான் எந்தக் காரணமும் இல்லை.

ஆபத்து வருவது இந்த விதிக்கு நாமே கொடுக்கும் விதிவிலக்குகளால். முதலாவது, வெளியிலிருந்து அமைப்புப் பக்கத்தைத் திறக்க விடும் ரிமோட் மேனேஜ்மென்ட். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தேவையே இல்லை. இரண்டாவது யூபிஎன்பி. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் உரிமையாளரைக் கேட்காமலே ரவுட்டரிடம் ஒரு வாசலைத் திறந்துவிடச் சொல்லலாம் என்பதே இதன் பொருள். உள்வீட்டுக்கு மட்டும் என்று வடிவமைக்கப்பட்ட இந்த வசதி, 2013இல் ரேபிட்7 நிறுவனம் சோதித்தபோது, வெளியுலகிலிருந்து வந்த கேள்விகளுக்கும் 8 கோடிக்கு மேற்பட்ட முகவரிகளில் பதில் சொன்னது. வீட்டில் பிள்ளைகள் கேம் கன்சோலில் விளையாடினால் யூபிஎன்பி தேவைப்படலாம். மற்ற வீடுகளில் அணைத்துவிடலாம்.

மூன்றாவது விதிவிலக்கு போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வருவதை நேரே உள்ளிருக்கும் ஒரு கருவிக்கு அனுப்புவது. கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க அதைச் செய்து தருகிறேன் என்பார் சிசிடிவி பொருத்த வருபவர். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் கேமராப் பெட்டியை டிஎம்இசட் பகுதியில் வைத்துவிடுவார்கள். காவலே இல்லாமல் அந்தக் கருவியை மொத்த உலகத்தின் முன்னால் நிறுத்துவதுதான் டிஎம்இசட். கேமராவின் கடவுச்சொல் மிராய் பட்டியலில் இருந்தால், வீட்டைக் காவல் காக்க வாங்கிய பொருளே வேறொருவரின் படையில் சேர்ந்துவிடும்.

கடவுச்சொல்லைத் தட்டாமலே கருவிகளை வைஃபையில் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்து வைக்க வேண்டும். அதன் எட்டு இலக்க பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ஆகவே கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய வாய்ப்புகள் 11,000 ஆகச் சுருங்கிவிடுகின்றன என்பது 2011 டிசம்பரில் வெளியானது. எவ்வளவு நீளமான வைஃபை கடவுச்சொல்லும் அதற்குப் பிறகு வீண்தான்.

வாசல் வழியாக ஒருவர் உள்ளே வந்தால் என்ன செய்வார் என்பதற்கு பிரேசிலைப் பார்க்கலாம். 2011, 2012இல் அங்கே சுமார் 45 லட்சம் வீட்டு மோடம்களின் டிஎன்எஸ் அமைப்பு திருத்தப்பட்டது. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். மோசடிக்காரர்கள் அந்த இடத்தில் தங்களுடைய 40 சர்வர்களின் முகவரிகளைப் போட்டார்கள். வீட்டில் ஒருவர் சரியான முகவரியைத்தான் தட்டச்சு செய்தார். வந்து நின்றது போலிப் பக்கம். நச்சுநிரலை இறக்கவும் வங்கிக் கணக்கைக் களவாடவும் அது உதவியது. கணினியை ஆன்டிவைரஸ் எத்தனை முறை துழாவியும் பயனில்லை, ஏனென்றால் கோளாறு கணினியில் இல்லை, மோடமில் இருந்தது. அமைப்புப் பக்கத்தின் டிஎன்எஸ் கட்டத்தில் இணைய நிறுவனம் தருவதோ, கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, தீய தளங்களைத் தடுக்கும் குவாட்9இன் 9.9.9.9 போன்ற அறியப்பட்ட முகவரிகளோ இருக்கலாம். முன்பின் தெரியாத எண் இருந்தால் யார் போட்டது என்று கேட்டே ஆக வேண்டும்.

ஐபிவி4க்குப் பின் வந்த புதிய முகவரி முறையான ஐபிவி6இன் பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. இதில் முகவரிப் பஞ்சம் இல்லாததால், வீட்டின் ஒவ்வொரு போனுக்கும் கேமராவுக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் தனி முகவரி கிடைக்கிறது. உள்முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த பழைய வசதி அங்கே இல்லை. கேட்காமல் வருவதைத் தடுக்கும் வேலை முழுக்க முழுக்க ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலைச் சேர்ந்தது. சில பெட்டிகளில் அதற்குத் தனிப் பொத்தான் உண்டு. அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது இன்றைக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

சட்டங்கள் மெல்ல வருகின்றன. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்பதற்கு கலிஃபோர்னியா 2020 ஜனவரியிலிருந்தும், பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதலும் தடை விதித்தன. பழைய பெட்டிகளை எந்தச் சட்டமும் காப்பாற்றாது. அமெரிக்காவில் வோல்ட் டைஃபூன் என்ற ஹேக்கர் குழுவினர் மறைவிடமாகப் பயன்படுத்திய நூற்றுக்கணக்கான சிறு ரவுட்டர்களிலிருந்து நச்சுநிரலை நீதிமன்ற அனுமதியோடு அகற்றியதாக அந்நாட்டு நீதித்துறை 2024 ஜனவரியில் அறிவித்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தயாரிப்பாளர்கள் அப்டேட் தருவதையே நிறுத்திவிட்ட சிஸ்கோ, நெட்கியர் மாதிரிகள்.

அமைப்புப் பக்கத்தில் கைவைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. எதையாவது மாற்றி நெட் நின்றுபோனால் பலரும் பெட்டியின் பின்னால் இருக்கும் ரீசெட் ஊசித்துளையை அழுத்திவிடுகிறார்கள். அழுத்தினால் பிபிபிஓஇ பெயரும் வீலான் எண்ணும் சேர்ந்தே அழிந்துபோகலாம். பிறகு கேபிள்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் அவர் இணைப்புக் கொடுக்கும் அன்றைக்கே அந்த விவரங்களையும் அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அவற்றைத் தர முடியாது என்று நிறுவனம் மறுத்தால், அதன் பெட்டியை, இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். பின்னால் சொந்தமாக வாங்கிய ரவுட்டரை மாட்டினால் ஃபயர்வாலும் கடவுச்சொற்களும் வீட்டுக்காரர் கையில் இருக்கும்.