உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பத்தூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே, என் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிப் பழைய பேப்பர் மேல் கிடத்தியிருந்தேன். முழங்கை வரை கிரீஸ். வாக்கிங் முடித்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். அரசு வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனிதர்.

"என்ன சார், பஞ்சரா?"

"இல்ல சார். வீல் பேரிங் போயிடுச்சு. மாத்திக்கிட்டு இருக்கேன்."

சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்று கேட்டுவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார்.

அக்கறையோடு கேட்ட கேள்விதான். ஆனாலும் ஒரு வாரமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. ஏனென்றால் இதே கேள்வியை இன்னொருவரும் கேட்டிருந்தார்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து 'ஊம்ம்' என்று ஒரு சத்தம். வேகம் கூடக் கூட சத்தமும் கூடும். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று தினமும் சுற்றுகிறவர்களுக்கு இது புதிதல்ல. பள்ளத்தில் விழுந்து விழுந்து பேரிங் அடி வாங்குகிறது. மழை வந்தால் முழங்கால் தண்ணீரில் வண்டியை உருட்டுகிறோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எத்தனை வண்டிகள் இந்தப் பக்கம் தண்ணீரில் நின்றன என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் கெட்டுப் போகும், குண்டுகள் துருப்பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பெயர் வேண்டாம். பையன் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "ஹப்பையே மாத்தணும் சார்" என்றான். எஸ்டிமேட் 5,400 ரூபாய். சக்கரத்தைக் கழற்றக்கூட இல்லை.

"பேரிங் மட்டும் மாத்தினா போதாதா?"

"தனியா செய்யறதில்ல சார்."

"சரி, என்ன நம்பர் பேரிங்னு சொல்லுங்க. நான் வாங்கிக்கறேன்."

கவுன்ட்டரில் இருந்த மேனேஜர் தலையைத் தூக்கினார். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?"

வண்டியோடு தந்த கையேட்டை வீட்டில் தேடி எடுத்தேன். ஹெல்மெட் எப்படிப் போடுவது என்று படம் போட்டிருக்கிறது. பேரிங் நம்பர் இல்லை. 'அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும்' என்று மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். எனக்கு வண்டி தெரியாது, ஆனால் பில் தெரியும். தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். "நம்பர் பேரிங் மேலயே அடிச்சிருக்கும் சார், கழட்டிப் பாருங்க" என்று சிரித்தார். பெரிய ஸ்பேனரையும் இரவல் கொடுத்தார்.

கழற்றினேன். துடைத்துப் பார்த்தால் 6302. அது ஏதோ கம்பெனி ரகசியம் என்று நினைத்திருந்தேன். உலகம் முழுக்க ஒரே அளவாம். கடைசி இரண்டு எழுத்து 02 என்றால் உள்துளை 15 மில்லிமீட்டர். 03 என்றால் 17. 04-லிருந்து ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். 6302 என்றால் வெளிவட்டம் 42, அகலம் 13. ஜப்பானில் செய்தாலும் புனேயில் செய்தாலும் இதேதான். ஸ்டேஷனரி கடையில் ஏ4 பேப்பர் கேட்கிற மாதிரி கேட்டு வாங்கலாம். இரண்டு பேரிங், ஒரு சீல், கொஞ்சம் கிரீஸ்: 480 ரூபாய்.

5,400 எங்கே, 480 எங்கே? இந்த வித்தியாசத்துக்குப் பெயர் தொழில்நுட்பம் அல்ல. நமக்குத் தெரியாது என்கிற தைரியம்.

"சக்கரம் சார், உயிர் விஷயம், ஆளாளுக்குக் கைவைக்கலாமா?" என்று கேட்பீர்கள். நியாயம். அதனால்தான் முறை தெரிந்து செய்ய வேண்டும் என்கிறேன். மெக்கானிக் மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, புது பேரிங்கை உள்ளே இறக்கும்போது அடி வெளிவட்டத்தின் மேல் மட்டும்தான் விழ வேண்டும். உள்வட்டத்தில் அடித்தால் குண்டுகள் ஓடும் பாதையில் குழி விழுந்து, புதுசும் சீக்கிரம் போய்விடும். இரண்டு, இரண்டு பேரிங்குக்கும் நடுவே இருக்கும் குழாயை, அதாவது ஸ்பேசரை, மறந்துவிடக் கூடாது. அது இல்லாமல் நட்டை முறுக்கினால் பேரிங் நெரிபடும். மூன்று, புது பேரிங் விரலால் அழுத்தினாலே உள்ளே போய் உட்கார்ந்தால் ஹப் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஹப்பை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதைக் கழற்றிப் பார்த்தால்தானே தெரியும்? கழற்றாமலேயே 5,400 ரூபாய் எழுதியவரிடம் இருந்ததா பாதுகாப்பு அக்கறை?

எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு நட்டு, செயின், பிரேக் மூன்றையும் சரிபார்க்கச் சொன்னேன். காசு கொடுத்தேன். அவர் பிழைப்பை நான் கெடுக்கவில்லை. அவர் பிழைப்பைக் கெடுப்பது, நம்பரையும் கருவியையும் பூட்டி வைக்கிறவர்கள்தான்.

இது என் கற்பனை இல்லை. உதிரி பாகங்களும் பழுதுபார்க்கும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்தார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அது மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் ஓட்டுப் போட்டே வாகனங்களுக்கு 'பழுதுபார்க்கும் உரிமை' வாங்கினார்கள். நம் மத்திய அரசு 2022 டிசம்பரில் இதற்காக ஒரு இணையதளம் திறந்தது. வாகனங்களும் அதில் உண்டு. நல்லது. ஆனால் இணையதளம் திறந்தால் மட்டும் கையேட்டில் நம்பர் வந்துவிடாது. கட்டாயம் என்று எழுதினால்தான் வரும்.

கம்பெனிகளை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். பக்கத்து வீட்டுக்காரரின் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. அவர் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. 'படித்தவன் கையில் கிரீஸ் எதற்கு?' என்பதைத்தான்.

எந்த ஊரில் நின்று கேட்கிறோம்? 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனியின் ஊர் அம்பத்தூர். 1960களில் பாடியில் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் தொழிற்சாலைகள் வந்தன. ஆவடியில் 1965-ல் விஜயந்தா டாங்கியே உருண்டு வெளியே வந்தது. இங்கே எஸ்டேட்டில் லேத்தில் நின்ற அப்பாக்களின் சம்பளத்தில்தான் பிள்ளைகள் இன்ஜினீயரிங் படித்தார்கள். இன்று அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு ஸ்பேனர் இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினீயருக்கே இல்லை!

1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று தமிழ்நாடு எதிர்த்தது. அடுத்த வருடமே காமராஜர் அதைக் கைவிட்டார். முழுக்கச் சரி. ஆனால் நாம் எதிர்த்தது கைவேலையை அல்ல. இன்னாருக்குப் பிறந்தவன்தான் இந்தக் கைவேலை செய்ய வேண்டும் என்பதை. அதற்கு நியாயமான அடுத்த படி, எல்லோர் பிள்ளைகளும் சுத்தியல் பிடிக்கக் கற்பது. நாமோ யாரும் பிடிக்காதே, அதற்கென்று 'அவர்கள்' இருக்கிறார்கள் என்று முடித்துவிட்டோம். சாதி பழைய வாசலில் வெளியே போய்ப் புது வாசல் வழியாகப் பார்க்கிங்குக்குள் வந்து நிற்கிறது.

வருடம் ஒருநாள் ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். மெக்கானிக் கடை ஸ்பேனருக்கும் பொட்டு. மீதி 364 நாள் அதைத் தொடுகிறவனை 'டேய்' என்கிறோம். இது பக்தியா, பாசாங்கா?

நான் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு வண்டிக் கையேட்டிலும் பேரிங், சீல், பிரேக் ஷூ நம்பர்கள் ஒரே ஒரு பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சைக்கிளையாவது பிள்ளைகள், பெண் பிள்ளைகளும்தான், பிரித்துப் பூட்டட்டும்.

நீங்கள் அடுத்த ஞாயிறு வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால் பேரிங்கைக் கவனிக்கும் நேரம் வந்துவிட்டது. நீங்களே மாற்றுங்கள், அல்லது மாற்றுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அப்போது யாராவது வந்து "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்று கேட்டால் ஒரே ஒரு பதில் போதும்.

"வண்டி என்னுது சார்."