காற்றா குற்றவாளி?

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் மத்தூர்ப் பகுதியிலே பழைய பல்லவி ஒன்று மீண்டும் கிளம்பும். விடியுமுன் ஓசூர் ஆலைக்குப் பேருந்து ஏறும் இளைஞன் ஒருவனின் வாய் ஒருபுறம் கோணும். ஒரு கண் மூட மறுக்கும். குடிக்கும் நீர் கடைவாயில் வழியும். "குளிர்காற்று அறைந்துவிட்டது" என்பாள் பாட்டி. "காற்றல்ல, கருப்பு!" என்பான் பூசாரி. வேப்பிலை வரும், தாயத்து வரும். கோழி போகும், பணம் போகும், கூடவே மூன்று நாட்களும் போகும். அந்த மூன்று நாட்களைப் பற்றித்தான் நாம் பேச வந்தோம்.

காற்றுக்கு இதில் பங்கே இல்லை என்று சாதிக்க நாம் வரவில்லை. சான்றைச் சந்திக்க அஞ்சுபவன் பகுத்தறிவாளன் அல்லன். 1997 முதல் 1999 வரை அமெரிக்கப் படையினரிடையே கண்ட முகவாதத்தை ஆராய்ந்தோர், குளிர் மாதங்களிலும் வறண்ட நிலங்களிலும் அது சற்று மிகுதி எனக் கண்டனர். வேறு சில ஆய்வுகளிலோ பருவத்துக்கும் நோய்க்கும் தொடர்பே தென்படவில்லை. குளிருக்குப் பங்கு இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் ஒரே பேருந்தில் ஒரே காற்றை வாங்கிய ஐம்பது பேரில் ஒருவன் முகம் மட்டும் கோணுவானேன்? சித்திரை வெயிலிலும் சிலருக்கு வருவானேன்?

விடை காதருகே, எலும்புக்குள்ளே இருக்கிறது. முகத்தை அசைக்கும் நரம்பு, நடுச்செவியை ஒட்டிய குறுகிய எலும்புக் குழாய் வழியே வருகிறது. 1821இல் இலண்டன் அரச கழகத்தில் முக நரம்புகளைப் பற்றி விளக்கினார் சார்லஸ் பெல் எனும் ஸ்காட்லாந்து மருத்துவர். நோய்க்கே அவர் பெயர் நிலைத்தது. உடலில் உறங்கிக் கிடந்த அக்கி வகைக் கிருமி விழித்தெழுவதே பெரும்பாலும் காரணம் என மருத்துவர் கருதுகின்றனர். வீங்கிய நரம்புக்கு விரிய இடமில்லை, நசுங்குகிறது, முகம் அசைவற்றுப் போகிறது. காதில் கொப்புளமும் கடும் வலியும் சேர்ந்தால் அது சின்னம்மைக் கிருமியின் கைவரிசை. 1907இல் ராம்சே ஹன்ட் விவரித்த நோய். சளி பிடித்து நடுச்செவியில் சீழ் கோத்தாலும் இந்நரம்பு தாக்குறலாம். அந்தக் காதில் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவது வைத்தியமா, வதையா?

"மந்திரித்தார், குணமாயிற்றே!" என்பர். ஆயிற்று; யாரால் ஆயிற்று? 551 நோயாளிகளைக் கொண்டு ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. நோய் தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் மாத்திரை தொடங்கியவரில், ஒன்பது மாதத்தில் 100க்கு 94 பேர் முழுநலம் பெற்றனர். அம்மாத்திரை பெறாதவரிலும் 100க்கு 82 பேர் தேறினர். அந்த 82 பேரின் முகத்தைத் திருப்பித் தந்தது இயற்கை. புகழைத் தட்டிச் சென்றவன் பூசாரி! 82க்கும் 94க்கும் இடையே நிற்கும் 12 பேர் யார் கணக்கில்? கோணிய வாய்க்குச் "சாபம்" என்று பெயர் சூட்டப்பட்டு, மணப்பந்தலுக்கு வெளியே நிறுத்தப்படும் பெண் அவர்களில் ஒருத்தி அல்லவா? மூடாத கண் உலர்ந்து புண்ணாகி ஒளி மங்கும் தொழிலாளி அவர்களில் ஒருவன் அல்லவா? வேப்பிலைக்கு நாம் கொடுக்கும் விலை கோழியல்ல தோழர்களே, பன்னிரண்டு முகங்கள்!

ஆகவே, மன்றத்து இளைஞர்களே, ஊர்தோறும் இதைச் சொல்லுங்கள். முகம் கோணினால் அன்றே அரசு மருத்துவமனை. கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது மூளைத் தாக்காக இருக்கலாம்; ஒரு நொடியும் தாமதியாது 108ஐ அழையுங்கள். மூடாத கண்ணை உலரவிடாமல் காக்க மருத்துவரிடம் வழி கேளுங்கள். சர்க்கரை நோய் இருப்பின் முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரையை மருத்துவரே அளந்து தரட்டும். அரைநாள் விடுப்புக்கு முகம் சுளிக்கும் மேலாளரிடமும் சொல்லுங்கள்: இழந்த அரைநாளை ஆலை ஈட்டிக்கொள்ளும், இழந்த முகத்தை எந்த ஆலையும் வார்த்துத் தராது.

பாட்டியின் கம்பளியைப் பழிக்க வேண்டாம். குளிருக்கு அது நல்லதே. பூசாரியின் தாயத்தைத்தான் கழற்ற வேண்டும், 72 மணி நேரம் கழிவதற்கு முன்!