காப்பீடு எவர் பொருட்டு?

மார்கழித் திங்களில் கடலூரினின்று சிதம்பரஞ் செல்லும் நெடுஞ்சாலையை வைகறையிற் கண்டோர் அதன் இயல்பை நன்கறிவர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் முதலிய ஊர்களின் மருங்கே வயல்களினின்று எழும் மூடுபனி, எதிர்வரும் வண்டியையும் மறைத்துவிடும். அப்பனியூடே பால் கொண்டு செல்வோரும், ஆருத்திரா தரிசனத்திற்கு ஏகுவோரும், கார்களும் லாரிகளும் ஒரே வழியிற் செல்கின்றனர். ஈண்டுச் சிறு விபத்துக்கள் நேர்தல் வியப்பன்று. நேர்ந்தபின் நாம் ஒழுகும் முறையே ஆராயத்தக்கது.

கார் ஒன்று சைக்கிளில் வருவான் ஒருவனை இலேசாக இடித்துவிட்டதெனக் கொள்வோம். கூட்டங் கூடுகின்றது, கூச்சல் எழுகின்றது. ஈற்றில் சில நூறு ரூபாய் கைமாற, யாவரும் கலைகின்றனர். இதனைச் சமாதானம் என்கின்றோம். மறுநாள் முழங்கால் வீங்கி, எலும்பு முறிந்தமை தெரியவருமாயின் அவ்வேழை எவரிடஞ் செல்வான்? வண்டியின் எண்ணையும் அவன் அறியானே!

இத்தகையோர் பொருட்டே சட்டம் எழுந்தது. வண்டியால் ஊறுபடும் பிறர்க்கு ஈடளிக்குங் காப்பீட்டை 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கிற்று. அப்பகுதி 1946 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இன்று வழங்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவும் அதனையே விதிக்கின்றது. தன் வண்டியின் பழுதிற்குக் காப்பீடு செய்தல் அவரவர் விருப்பம். அயலார் பொருட்டுச் செய்தலே கட்டாயம். நாமோ அதனைக் காவலர்க்குக் காட்டுங் காகிதமென்றே கருதுகின்றோம்.

“ஈடு கோரினாற் கழிவு போய்விடுமே” என்பாருமுளர். ஓராண்டு ஈடு கோராதார்க்குச் சொந்த வண்டிக் காப்பீட்டுக் கட்டணத்தில் 20 விழுக்காடும், ஐந்தாண்டு கோராதார்க்கு 50 விழுக்காடும் கழிவு கிடைப்பது உண்மையே. ஆதலின் தம் காரிற் பட்ட கீறலைத் தம் செலவிற் செப்பனிட்டுக்கொள்வாரை நாம் குறை கூறோம். ஆனால் அடிபட்டான் உடலை அக்கணக்கிற் சேர்த்தல் அறமாகாது. அவனுக்கு மருத்துவ உதவி தேடுதலும், 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் அறிவித்தலும், காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்தலும் 134-ஆம் பிரிவு ஓட்டுநர்க்கு விதித்த கடமைகள்.

கூட்டத்தின் சீற்றத்திற்கு அஞ்சி ஓடினோம் என்பர் சிலர். அவ்வச்சம் பொய்யன்று, மருத்துவ உதவி தேடுங் கடமைக்கு அதனைச் சட்டமே விலக்காகக் கொண்டுள்ளது. ஆயின் அக்கூட்டத்தில் நிற்பவர் நாமன்றோ? வைதலை விடுத்து ஊறுற்றானை எடுத்துச் செல்லுதல் நம் கடன். நல்லெண்ணத்தோடு உதவுவோரை வழக்குத் தொல்லையினின்று காக்கும் பொருட்டு 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு தனிப் பிரிவையே வகுத்துளது. எரிகோ வழியில் இரங்கி நின்ற நல்ல சமாரியன் பெயராலேயே அஃது அவர்களைச் சுட்டுகின்றது.

நம் கல்லூரி நண்பருள் மோட்டார் சைக்கிள் ஊர்வோர் பலர். அவர்க்கு நாம் கூறுவது இது: பனிக்காலத்தில் மெல்லச் செல்க. விபத்து நேரின் நிற்க. ஊறுற்றானை மருத்துவமனை சேர்க்க. வண்டியின் எண்ணையுங் காப்பீட்டு விவரத்தையும் அவன் கையில் எழுதிக் கொடுக்க. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே உரைக்க.