துவாரகை: நாலு நிமிஷ குண்டுவீச்சும் தீராத வாய்ப்பேச்சும்

1965 செப்டம்பர் 7 நள்ளிரவு. குஜராத்தின் துவாரகை நகரம் போர்க்கால இருட்டடிப்பில் தூங்கிக் கொண்டிருந்தது. கமோடர் எஸ்.எம். அன்வர் தலைமையில் பாகிஸ்தானின் ஏழு போர்க்கப்பல்கள் கரைக்கு அருகே வந்தன. ‘பாபர்’ என்ற க்ரூசரும் துணைக்கு ஆறு கப்பல்களும். சில நிமிடங்களில் சுமார் 350 குண்டுகளைச் சுட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போயின. சண்டை என்றால் அவ்வளவுதான். எதிர்த்து ஒரு குண்டுகூடப் பாயவில்லை.

இதை வைத்து இரண்டு நாடுகளும் இன்றுவரை கதை அளக்கின்றன!

முதலில் பாகிஸ்தான். செப்டம்பர் 8 அங்கே கடற்படை தினம். ரேடார் நிலையத்தைத் தகர்த்தோம் என்பார்கள். சரி, அவர்கள் போட்ட திட்டத்தை வைத்தே கணக்குப் பார்ப்போம். இந்தியாவின் பெரிய கப்பல்களைப் பம்பாயிலிருந்து வெளியே இழுத்து, காத்திருக்கும் ‘காஸி’ நீர்மூழ்கிக்கு இரையாக்குவது முக்கிய நோக்கம். ஒரு கப்பலும் அந்த வலையில் விழவில்லை. பிறகு வந்து பார்த்த இந்தியக் கடற்படையினர், பெரும்பாலான குண்டுகள் கோயிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையிலான மண்ணில் விழுந்ததையும், பல வெடிக்காமலே கிடந்ததையும் கண்டார்கள். யாத்ரீகர்கள் வந்து போகும் ஒரு ஊரை இருட்டில் சுட்டுவிட்டு ஓடியதற்குப் பெயர் வீரமா?

அடுத்தது நம் பக்கம். “ஒரு மாடுதானே செத்தது” என்று சிரித்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். இந்தச் சிரிப்பு ஒரு கேள்வியைச் சாமர்த்தியமாக மறைக்கிறது. எதிரிக் கப்பல்கள் ஏழு கரையோரம் வந்தபோது இந்தியக் கடற்படை எங்கே இருந்தது?

‘விக்ராந்த்’ பம்பாயில் பழுதுபார்ப்பில் இருந்தது. ‘தல்வார்’ சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, ஓகாவில் பழுதோடு நின்றது. இதெல்லாம்கூடப் போகட்டும். போர்பந்தருக்கு வடக்கே போய்த் தாக்கக் கூடாது என்று கடற்படைக்கு அரசே கடிவாளம் போட்டிருந்தது. தளபதி பி.எஸ். சோமன் எதிர்த்தும் பயனில்லை. குறி தவறியது பாகிஸ்தானின் துரதிர்ஷ்டம். அதை நம் சாமர்த்தியமாகக் காட்டுவது என்ன நியாயம்? ஒரு குண்டு ஊருக்குள் சரியாக விழுந்திருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்குமா?

இந்த அவமானம் கடற்படைக்கு உறைத்தது. 1971 டிசம்பர் 4 இரவு, மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. ‘நிர்காட்’ ஏவிய ஏவுகணைகளில் ‘கைபர்’ மூழ்கியது. துவாரகையைச் சுட்ட ஏழு கப்பல்களில் இந்தக் கைபரும் ஒன்று. இந்தியாவுக்கு டிசம்பர் 4 கடற்படை தினமானது.

“பழிக்குப் பழி” என்று கைதட்டுபவர்கள் ஒரு நிமிடம் நிற்கட்டும். கைபரோடு 200-க்கும் மேற்பட்ட மாலுமிகள் கடலுக்குள் போனார்கள். துவாரகையை வெற்றி என்று கொண்டாடியவர்கள் ஆறு வருடத்தில் கற்றுக்கொண்டது என்ன? கராச்சித் துறைமுகம் ஏவுகணைக்குத் தயாராக இல்லை. பொய்யான வெற்றி சோம்பலைத்தான் வளர்க்கும். அதற்கு விலை கொடுத்தது விழா மேடையில் பேசியவர்கள் இல்லை, கப்பலின் அடித்தட்டில் வேலை பார்த்த சாதாரண மாலுமிகள்.

1965-ல் தோற்றதை ஒப்புக்கொண்ட படை 1971-ல் ஜெயித்தது. ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்ட படை தோற்றது. இரண்டு நாட்டுப் பாடப் புத்தகங்களிலும் துவாரகையைப் பற்றி எழுத வேண்டிய ஒரே பாடம் இதுதான். அதை எழுத மட்டும் இரண்டு பக்கமும் ஆள் இல்லை!